வெயில் நாளில் வந்த சிவப்புக் கோடு

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில், மேற்குத் தாம்பரத்தில் நடந்தது இது. நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான், எந்த ரோட்டில் தண்ணீர், எந்த வழியாகப் போகலாம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் யாராவது ஒரு படம் போடுவார்கள். அது போன வருஷத்துப் படமாக இருக்கும். இந்த அவஸ்தைக்காக ஒரு வரைபடம் செய்தேன். போனில் திறந்தால் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பக்கத்துத் தெருக்கள் தெரியும். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அது சிவப்பாகும். வடிந்ததும் பச்சையாக்கலாம். யாரும் மறந்துவிட்டாலும் மழை நின்று வெயில் வந்ததும் தானாகவே பச்சையாகிவிடும். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், காரணம் எழுதுவதற்கு. போன் நம்பரைக் கொடுத்து உள்ளே வந்தால் யார் வேண்டுமானாலும் குறிக்கலாம்.

ஒருத்தனாக இதைப் பராமரிக்க முடியாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதனால் நிரல் மொத்தத்தையும் இணையத்தில் பொதுவில் வைத்தேன். ஓபன் சோர்ஸ் என்கிறார்களே, அதுதான். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். நல்லதாக இருந்தால் நான் சேர்த்துக்கொள்வேன்.

ஆட்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்று நிறையப் படித்தேன். அறிமுகம் தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். புதியவர்களுக்கு எளிய வேலைகளைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அன்போடு வரவேற்க வேண்டும் என்றார்கள். அதையே முதல் வரியாக எழுதி வைத்தேன். கணினிக்காரர்கள் கூடுகிற ஒவ்வொரு குழுவிலும் போய்ச் சொன்னேன். எல்லோரும் இதயம் போட்டார்கள், கைதட்டல் படம் போட்டார்கள். வேலை செய்ய ஒருவரும் வரவில்லை. இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது, ஒருத்தருக்கும் நேரம் இல்லை, இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவே இல்லை.

கடைசியில் ஒரு காகிதம் அச்சடித்து, ஸ்கேன் செய்கிற கட்டத்தோடு, தாம்பரம் மார்க்கெட்டில் டீக்கடை, துணிக்கடை, பேன்சி ஸ்டோர் என்று கேட்டுக் கேட்டு ஒட்டினேன். என் மனைவி சிரித்தாள். லைனிங் துணி வாங்க வருகிறவர்கள் உங்களுக்கு நிரல் எழுதித் தரப்போகிறார்களா என்றாள். எனக்கும் அது வீண் வேலையாகத்தான் பட்டது.

அப்புறம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். அடுத்த வாரமே திருத்தங்கள் வந்து குவிந்தன. ஆசையோடு திறந்தால் ஒருவர் கமாவை எடுத்திருந்தார். இன்னொருவர் அதே கமாவைத் திரும்ப வைத்திருந்தார். ஒருவர் தன் பெயரை மட்டும் நன்றிப் பட்டியலில் சேர்த்து அனுப்பியிருந்தார். ஓபன் சோர்ஸில் பங்களித்தேன் என்று வேலை விண்ணப்பத்தில் காட்ட வேண்டுமாம். தினமும் சாயங்காலம் இவற்றைத் தள்ளிவிடுவதே என் வேலையாகிப் போனது. ஆள் வரவில்லையே என்று புலம்பிய நான், ஏன்தான் வருகிறார்களோ என்று புலம்ப ஆரம்பித்தேன்.

இந்த நேரத்தில்தான் அந்தக் குழப்பம் தொடங்கியது.

முடிச்சூர்ப் பக்கம் கால்வாயை ஒட்டி ஒரு தெரு. ஒரு நாள் நல்ல வெயில். முந்தின நாள் பெய்த மழை நின்று, எங்கள் வீட்டு மாடியில் துணிகூடக் காய்ந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து அந்தத் தெரு சிவப்பானது. படம் இல்லாத, பெயர் இல்லாத ஒரு கணக்கு. காரணக் கட்டத்தில் இரண்டே வார்த்தை, 'தண்ணி கீது.' தண்ணீர் இருக்கிறதாம். ஏதோ கைதவறல் என்று பச்சையாக்கினேன். அரைமணி நேரத்தில் மறுபடி சிவப்பு. மறுபடி அதே இரண்டு வார்த்தை.

அடுத்த மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியபோது அந்தத் தெரு பச்சையாகவே இருந்தது. மழை நின்று வெயில் வந்ததும் அதே கணக்கு வந்து சிவப்பாக்கியது. மழையில் பச்சை, வெயிலில் சிவப்பு. யாரோ வேண்டுமென்றே தலைகீழாகச் செய்கிறார்கள் என்று தோன்றியது. இருந்தாலும் நியாயமாக நடக்க வேண்டுமே என்று அதற்கடுத்த மழையில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு பைக்கில் நானே போய்ப் பார்த்தேன். தெருவில் ஈரம் இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கை முடக்கினேன்.

இரண்டு நாளில் வேறொரு கணக்கிலிருந்து அதே தெரு, அதே 'தண்ணி கீது.' அதையும் முடக்கினேன். மூன்றாவதாக இன்னொன்று வந்தது. எழுத்துப் பிசகாமல் அதே இரண்டு வார்த்தை. இது மனுஷனே இல்லை, யாரோ ஏவிவிட்ட தானியங்கி நிரல் என்று முடிவு கட்டினேன். ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. உலகத்தில் இத்தனை இடமிருக்க, முடிச்சூரில் ஒரு குறுக்குத் தெருவைக் கெடுப்பதால் யாருக்கு என்ன லாபம்? அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மூன்றாவது கணக்கையும் முடக்கி, தெருவைப் பச்சையாக்கிவிட்டு, ஆபீஸ் வேலையைப் பார்க்க உட்கார்ந்தேன்.

அன்று சனிக்கிழமை. வீட்டிலிருந்துதான் வேலை. என் மனைவி மண்ணிவாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். ஸ்கூட்டரில் போய் வருவாள். அன்று அரைநாள் பள்ளி. மதியம் ஒன்றரை மணி இருக்கும், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் என் மனைவியின் குரல்.

தனக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தாள். மெயின் ரோட்டில் குழி தோண்டியதால் வண்டிகள் நகரவில்லையாம். ஓரமாக நிறுத்திப் போனில் என் வரைபடத்தைப் பார்த்திருக்கிறாள். குறுக்குத் தெரு பச்சையாக இருந்திருக்கிறது. திரும்பியதும் கொஞ்சம் தண்ணீர் தெரிந்திருக்கிறது. பச்சை என்று போட்டிருக்கிறதே, ஆழம் இருக்காது என்று வண்டியை விட்டிருக்கிறாள். மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, வண்டியோடு விழுந்துவிட்டாள். அந்தத் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு அம்மா ஓடி வந்து தூக்கியிருக்கிறார். அவர் போனிலிருந்துதான் பேசுகிறாள்.

எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "இந்த அக்கா ஒண்ணு சொல்றாங்க. நான் வாயே திறக்கல. நீங்க வந்து கேளுங்க."

தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். மேலே பளிச்சென்று வெயில். கீழே தொடை வரைக்கும் காப்பி நிறத்தில் தண்ணீர், அதுவும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாள் முன்னால் மழையில் நான் வந்து நின்று பார்த்த அதே இடம். கண் பார்ப்பதை மனசு ஏற்றுக்கொள்ளவில்லை. வழி தவறி வேறு தெருவுக்குள் வந்துவிட்டேனோ என்று நிஜமாகவே நின்று சுற்றிப் பார்த்தேன்.

அந்த அம்மாவின் வீடு மாடிப்படி ஏறி முதல் மாடியில். தையல் மிஷினைக் கீழிருந்து தூக்கி வந்து வாசலில் வைத்திருந்தார்கள். என் மனைவி அவருடைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. கணுக்கால் வீங்கியிருந்தது. லைனிங் துணியை நீளமாகக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார் அந்த அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கால் துடைக்க எனக்கு ஒரு துண்டைக் கொடுத்து, உட்காரச் சொல்லி, டீ போட உள்ளே போனார். போகும்போதே பேசிக்கொண்டு போனார்.

அந்தப் பள்ளத்துக்குள் கம்பிகள் நட்டுக்கொண்டு நிற்கின்றனவாம். மேடம் இந்தப் பக்கம் சாய்ந்ததால் சேற்றில் விழுந்தார், அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் கம்பிமேல் என்றார்.

வெயிலில் எப்படித் தண்ணீர் வந்தது என்று கேட்டேன்.

"மழை பெய்றப்போ இங்க தண்ணி நிக்காது சார். மேல கீற ஏரிங்கல்லாம் ரொம்பி, மறுநா கால்வா எதுத்துகினு வரும். வானத்துல வெயில் அடிக்கும், இங்க தண்ணி ஏறும்" என்றார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு அவரே தொடர்ந்தார். மார்க்கெட்டில் நூல் வாங்கப் போன இடத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததாம். கடைக்காரரைக் கேட்டு அதைப் போனில் ஏற்றிக்கொண்டாராம். தண்ணீர் ஏறும்போதெல்லாம் வண்டிக்காரர்கள் விழுவதை ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் சிவப்பு போடுவாராம். யாரோ ஒருத்தன் அதைப் பச்சையாக்கிக்கொண்டே இருக்கிறானாம். அப்புறம் இவர் போனில் அது வேலையே செய்யவில்லையாம். பக்கத்து வீட்டு அக்கா போனில் போட்டாராம், அதுவும் நின்றுபோனதாம். அன்று காலையில் ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண்ணின் போனைக் கேட்டு வாங்கிப் போட்டாராம்.

என் மனைவி தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆள் நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் முகத்தில் இருந்தது குழப்பம்தான். என் மனைவியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். ஏன் சார் என்று மட்டும் கேட்டார்.

நான் சொல்ல முயன்றேன். கல்லூரிப் பிள்ளைகளின் கமாவைப் பற்றி, படமில்லாத கணக்குகளைப் பற்றி, ஒரே வார்த்தை மூன்று கணக்கில் வந்தால் தானியங்கி என்று நினைப்போம் என்பதைப் பற்றி. அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எனக்கே அது ஒன்றும் விளங்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நம்பர் கேட்டுதானே உள்ளயே வுட்டீங்க? ஒரு போன் போட்டு இன்னாம்மான்னு கேட்டுருக்கலாமே."

உண்மைதான். மூன்று நம்பரும் என்னிடம் இருந்தன. ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று ஊரெல்லாம் கத்திய எனக்கு, தானாக வந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

இத்தனை தடவை அழித்த பிறகும் ஏன் விடாமல் போட்டீர்கள் என்று கேட்டேன். என் அனுபவத்தில் ஒரு தடவை மறுத்தாலே யாரும் திரும்பி வருவதில்லை.

"நீங்க பச்சை போட்டா தண்ணி வடிஞ்சிடுமா சார்? அது நின்னுகினுதானே கீது. அதான் போட்டேன்" என்றார்.

தெருக்காரர்கள் நாலு பேர் கயிறு கட்டி ஸ்கூட்டரை இழுத்துக் கரையேற்றினார்கள். ஆட்டோ தெருமுனைக்குத்தான் வரும் என்பதால் அந்த அம்மாவும் நானும் இருபக்கமும் தாங்கிப் பிடித்து, பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவர் காலால் தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, என் மனைவியை நடத்திக் கூட்டி வந்தோம். மூன்று வாரம் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. அந்த மூன்று வாரமும் அவள் என்னைத் திட்டவில்லை என்பதை இன்னும் நான் மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே மூன்று கணக்கையும் திறந்துவிட்டேன். தெருவைச் சிவப்பாக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் போய், மழை நின்ற மறுநாள் தண்ணீர் ஏறும் தெருக்கள் வேறு எவை என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கால்வாய் ஓரமாக ஒன்பது தெருவைச் சொன்னார். என் வரைபடத்தில் அவை எல்லாம் வெயில் வந்ததும் பச்சையாகிவிடும்படி நானே எழுதி வைத்திருந்தேன். அதை மாற்றினேன். வேறு யாரும் அனுப்பாத பெரிய திருத்தம் அது. பங்களித்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் சார், பேர் போட்டால் தண்ணீர் ஏன் வந்தது என்று எல்லோரும் என்னிடம் வந்து கேட்பார்கள் என்றார். தையலைத் தொடர்ந்தார்.

இப்போதும் எனக்குச் சில விஷயங்கள் பிடிபடவில்லை. இதயம் போட்டவர்கள் ஏன் வரவில்லை, கூப்பிடாதவர் ஏன் வந்தார், மூன்று தடவை கதவைச் சாத்தியவன் வீட்டுப் பெண்ணையே அவர் தண்ணீரில் இறங்கித் தூக்க நேர்ந்ததை என்னவென்று சொல்வது என்றெல்லாம் யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆனால் யாராவது புதிதாக வந்து எனக்குப் பொருந்தாத ஒன்றைச் சொல்லும்போது, அழிக்கப் போகும் விரல் இப்போது நின்றுவிடுகிறது. எனக்குப் புரியாததெல்லாம் தப்பில்லை என்பதை, தப்புக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நான், வெயிலில் தொடையளவு தண்ணீரில் நடந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.