மத்தியானக் கேஸ்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் கற்றுக்கொடுப்பவர்கள் மொத்தம் ஆறு பேர். ஐந்து பேருக்குச் சம்பளம் உண்டு. ஆறாவது ஆள் மேனாம்பேடு வேம்புலியம்மாள். வருஷத்துக்கு இரண்டு முறை பஸ் காசும் ஒரு சாம்பார் சாதப் பொட்டலமும் கொடுத்து அவரை அழைத்துவருவோம். ஆறு பேரில் பாடம் புரியும்படி நடத்தியவர் அவர் மட்டும்தான்.

மேற்படிப்புத் தேர்வில் நிஜ நோயாளி ஒருவரை மாணவர் முன்னால் உட்கார வைப்பார்கள். முக்கால் மணி நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு, இன்ன நோய் என்று பரீட்சகர்களிடம் சொல்ல வேண்டும். இதற்கென்று வரவழைக்கப்படும் நோயாளிக்கு எங்கள் பாஷையில் கேஸ் என்று பெயர். வேம்புலியம்மாள் இருபது வருஷமாகக் கேஸ். அவருக்குப் பதினோரு வயதானபோது கால்களைப் பார்த்த எங்கள் துறையின் பெரிய சார், 'பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட சேதம், மருந்து கிடையாது' என்று ஃபைலில் எழுதினார். பெரிய சார் இப்போது மாலை போட்ட படமாகச் சுவரில் இருக்கிறார். ஃபைலும் பீரோவில் பத்திரமாக இருந்தது.

வெலவெலத்துப்போய் வரும் மாணவனை வேம்புலியம்மாள்தான் தேற்றுவார்.

"இன்னா நைனா, ஒரு முட்டியத் தட்டிட்டு சும்மா ஒக்காந்துகினு கீற? அந்தக் காலையும் தட்டு. அதுவும் குதிக்கும், எய்திக்கோ. பாதத்தக் கீறிப் பாக்காம வுட்ட, பெயிலு போட்ருவாங்கோ."

கடைசி ஐந்து நிமிஷத்தில் நோயின் ஆங்கிலப் பெயரையும் பிசகில்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுவார். அவர் தயவில் தேறி, பெயருக்குப் பின்னால் நாலு பட்டம் போட்டுக்கொண்டவர்கள் சென்னையில் நாற்பது பேராவது இருப்போம். ஆம், நானும்தான்.

அவரிடம் எங்களுக்கு ஒரே ஒரு தொந்தரவு. காலையில் நன்றாக நடப்பார். மதியம் தாண்டினால் பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும், முட்டி விறைத்துப்போகும். சாயங்காலம் வீட்டுக்குள் தவழ்ந்துதான் போவார். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மறுபடியும் சரியாகிவிடும். இப்படி ஒருவர் வந்து சொன்னால் டாக்டர்கள் என்ன செய்ய வேண்டும்? நாங்கள் டைம்டேபிளை மாற்றினோம். தேர்வுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'பிற்பகல் 2.30க்கு மேல்' என்று அச்சடித்தோம்.

"அது மத்தியானக் கேஸு சார்," என்பார் அட்டெண்டர் பூபாலன். "காலைல போட்டா கடகடன்னு நடந்துகினு போவும். பசங்கோ ஒன்னியும் காணாம முயிப்பானுங்கோ."

சாப்பிட்டதும் வேம்புலியம்மாள் கண்ணயர்ந்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். "தூங்கிடாத யக்கா, கேஸு கெட்டுப் பூடும்." ஒரு நோயாளி குணமாகிவிடாமல் இவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட துறை வேறு எங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

வேம்புலியம்மாளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் உட்கார்ந்து ஏற்றுமதிச் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தச் சட்டைகளைத் தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சட்டையை மேஜையில் விரித்து, நின்றுகொண்டே, மாலை ஆறு மணிவரை குறை கண்டுபிடிக்கிற வேலை. இரண்டு தடவை சேர்ந்தார். இரண்டு தடவையும் மூன்று மணிக்கு மேஜையைப் பிடித்தபடி சரிந்தார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஆறு மணி வரிக்கும் நிக்கணும், அவ்ளோதான் நைனா. நான் இன்னா டான்ஸா ஆடப்போறேன்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். பார்க்கலாம்மா என்றேன். பார்க்கவில்லை.

போன மார்ச் தேர்வுக்கு வந்தவர்களில் நிவேதிதா என்று ஒரு பெண். நோயாளியிடம் கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. வேம்புலியம்மாள் வழக்கம்போல் நோயின் பெயரைச் சொல்லிக்கொடுத்ததும், நன்றி சொல்லிவிட்டு, "காலையில எழுந்ததும் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். இருபது வருஷத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லையாம்.

தேர்வு அறையில் மணியடிக்கும் பொறுப்பு என்னுடையது. கை கால் அசைவுக் கோளாறுகளில் தனிப் பயிற்சி பெற்று மூன்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவனுக்கு ஏற்ற வேலை. துறைத் தலைவர் தமிழ்வாணன் சார், "என்ன நோய், சொல்லும்மா," என்றார்.

"மூளையில சேதம்னு நான் நினைக்கல சார்," என்றார் நிவேதிதா. "காலையில நல்லா நடக்கறாங்க, சாயங்காலம் முடியல, தூங்கினா சரியாகுது. பிறவியிலேயே டோபமின் கம்மியா சுரக்கிற நோயா இருக்கலாம். லெவோடோபா கொடுத்துப் பார்க்கணும்."

லெவோடோபா ஒன்றும் அபூர்வ மருந்தல்ல. கை காலை அசைக்க மூளைக்குத் தேவைப்படும் டோபமின் என்ற ரசாயனத்தை ஈடுகட்ட, பார்க்கின்சன் நோய்க்காரர்களுக்குத் தினமும் நாங்கள் எழுதிக் கொடுக்கிற மாத்திரை. நிவேதிதா சொன்ன நோய்க்கு வேளைக்கு அரை மாத்திரை போதும்.

தமிழ்வாணன் சாருக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. "இது பெரிய சாரே பார்த்த கேஸும்மா. நாற்பது பேர் சரியாச் சொன்ன கேஸ். ஸ்ரீகாந்த், மணி அடிப்பா."

அடித்தேன். நிவேதிதா ஃபெயில்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் மாணவனாக உட்கார்ந்திருந்தபோது அதே பதில் என் தொண்டைவரை வந்தது. தவறவிடவே கூடாத நோய் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஃபைலில் இருப்பதைச் சொன்னால்தான் பாஸ் என்பதும் எனக்குத் தெரியும். விழுங்கிவிட்டேன். பிற்பாடு அந்த நோயைப் பற்றியே நட்சத்திர ஓட்டல் மாநாடு ஒன்றில் இருபது நிமிஷம் பேசினேன். திரையில் யாரோ ஒரு வெளிநாட்டுச் சிறுமியின் படம். நல்ல கைதட்டல். அந்த நேரம் மேனாம்பேட்டில் வேம்புலியம்மாள் அடுப்படிக்குத் தவழ்ந்துகொண்டிருந்திருப்பார்.

தேர்வுக்கு மறுநாள் பிற்பகல் வேம்புலியம்மாள் என் அறைக்கு வந்தார். கையில் நிவேதிதா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு.

"அந்தப் பொண்ணு பெயிலாயிடுச்சாமே. நான் கரீட்டாத்தான் சொல்லிக் குட்த்தேன், அது கேக்கல. இந்த மாத்திரைய உன்னாண்ட எய்தி வாங்கிக்க சொல்லிச்சி. சாப்புடலாமா நைனா?"

நான் கையெழுத்துப் போட்டால் ஃபைல் தப்பு, பெரிய சார் தப்பு, நாற்பது பேரும் தப்பு. அவர்களில் தெரிந்தே தப்புச் சொன்னவன் நான். ஒரு கோளாறும் இல்லாத கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் சரிசெய்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், கால்கள் திருகத் தொடங்கியிருந்தன. வெட்கமாக இருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஃபோன் வந்தது. "நைனா, மணி ஆறு. தெருக்கோடி கொயாயாண்ட நிக்கறேன். இடுப்புல கொடம் கீது."

துறையில் துக்க வீட்டுக் களை. "நல்ல கேஸு சார், பூட்ச்சி," என்று பூபாலன் என் கையைப் பிடித்துக்கொண்டார். தமிழ்வாணன் சார் ஒரு வாரம் லீவு போட்டார். பிறகு 'இருபது வருட இடைவிடாத கண்காணிப்புக்குப் பின் கண்டறியப்பட்ட அரிய நோய்' என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். எழுதியவர்கள் என்று ஆறு பெயர்கள், முதல் பெயர் அவருடையது. பெரிய சாருக்கு நன்றி. நிவேதிதாவின் பெயர் இல்லை. தேர்வில் தோற்றவர் பெயரைச் சேர்த்தால் கட்டுரையின் தரம் கெட்டுவிடுமாம். மூன்றாவது பெயர் என்னுடையது என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

குமணன்சாவடியில் ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் எனக்கு மாலை கிளினிக். போன வாரம் ஏழு மணிக்கு வேம்புலியம்மாள் படியேறி வந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. செக்கிங் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, ஷிப்ட் முடிந்து நேராக வருவதாகச் சொன்னார். மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அந்தப் பொண்ணு முக்கா மணி நேரந்தான் பாத்துச்சி. நீ எட்டு வருசமா பாக்கற. உனுக்குத் தோணவே இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"தோணுச்சும்மா. நான் பரீட்சை எழுதின அன்னிக்கே."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாத்தான் பாஸ்."

"நான் சொன்னது உங்க பெரிய டாக்டரு எனுக்குச் சொன்னது. நானா படிச்சவ? நீதான படிச்ச?"

எழுதி முடித்த பேனாவுக்கு மூடியைத் தேடினேன்.

"எம் புருசன் செத்து அஞ்சு வருசம் ஆவுது," என்றார். "சாயங்காலம் ஆறு மணி இருக்கும், ஆசுபத்திரில கூப்புட்டாங்கோ, கடைசியா ஒரு வாட்டி பாத்துக்கோன்னு. வராண்டால இந்தக் கோடில நான், அந்தக் கோடில அது. அத்தினி ஜனம் பாக்கத் தவுந்துகினே போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள மூஞ்ச மூடிட்டாங்கோ."

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

"அத வெச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்?"

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கிப் போனார்.