மதிலுக்கு அந்தப்புறம் காய்த்த பூசணி

யுத்தகாலத்தில் அரிசிக்கே ரேஷன் வந்ததால், தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் சாணியும் சாம்பலும் போட்டுப் பூசணி வளர்த்தேன். பாழாய்ப்போன கொடி மதிலேறிப் பக்கத்து வீட்டில் போய்க் காய்த்தது. அங்கே புதிதாகக் குடிவந்திருந்தவள் செசிலி. அவள் புருஷன் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர்.

எனக்குத் தூக்கம் போயிற்று. தினமும் காலையில் முக்காலி மேல் ஏறி எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவள் காயைத் தட்டிப் பார்த்தாள். கறிக்கு நாள் பார்க்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் காயைக் காணோம்! நேரே அவள் வீட்டுக்குள் புகுந்தேன்.

"ஏளா, எங்க காய எங்கன வச்சிருக்க?"

செசிலி மதிலோரம் தொங்கிய சாக்கை விலக்கினாள். பழைய மீன்வலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் காயைக் கிடத்தியிருந்தாள்.

"கனம் தாங்காம காம்பு அந்துபோயிரும்லாக்கா. சாக்கு வெயிலுக்கு."

காய் பழுத்ததும் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரிய பாதிய நீங்க வச்சிக்கிட்டியளோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மற்ற பாதியையும் கொண்டுவந்து காட்ட வீட்டுக்கு ஓடினேன். தினமும் மதிலுக்கு மேலே தெரிந்த என் தலையை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்!