பிளாச்சான் டின்னில் ஒளித்த மாத்திரை

போன வாரம் மகளோடு மலாக்காவில், கிளேபாங்கில் ஒரு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். ஷாம்பு, பற்பசை, கூடவே கர்ப்பத்தடை மாத்திரை ஓர் அட்டை. கடைப்பையன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தான். எனக்குத்தான் காது சூடானது. கிழவிக்கு என்ன வெட்கம் என்று நீங்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். எனக்கு ஏனோ அங்கே பிளாச்சான் வாடை அடித்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம், நான் சின்னப் பெண். என் கூடப்பிறந்த சரோஜா அக்காவை எங்கள் ஊர் காஜா பேராங்கிலேயே, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. மூன்றும் பெண் குழந்தைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் அவள் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். மாமியாருக்கோ பேரன் வேண்டும். புருஷனிடம் இதைப் பேச அக்காவுக்குக் கூச்சம்; அதைவிடப் பயம். ஆகவே ரவிக்கை தைக்கக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கர்ப்பத்தடை மாத்திரை வாங்க கிளினிக்குக்குப் போவாள். என் கூலி ஐஸ் கச்சாங், சீவிய ஐஸில் சர்க்கரைப்பாகு ஊற்றியது. ஒரு கிண்ணத்துக்கு எந்த ரகசியத்தையும் கட்டிக்காத்திருப்பேன்.

மாத்திரையை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பிளாச்சான் டின்னின் அடியில் வைத்திருந்தாள். அந்த இறால் விழுதின் வாடை மாமியாருக்கு ஆகாது, கிட்டேயே போகமாட்டார். விஷயம் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு மாமா, அதாவது அக்காவின் புருஷன், காவடி எடுப்பதாக வேண்டுதல். எதற்கு என்கிறீர்கள்? அக்கா பிழைத்ததற்கு. விரதம் தொடங்கியதும் வீட்டைக் கழுவி, கவிச்சி பட்டதையெல்லாம் வெளியேற்றினார்கள். டின் எங்கள் வீட்டுக்கு வந்தது.

"மாத்திரை வேணாமாக்கா?"

"மாமாதான் கோயில்லயே படுத்துக்கிறாரே, இப்ப எதுக்கு லா? காவடி எறக்கட்டும், வந்து எடுத்துக்கிறேன்."

இடையில் நிறுத்தக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காவடி இறக்கிய மாமா அன்றே வீடு திரும்பினார். மறுநாள் காலையில் அக்கா சிரித்துக்கொண்டே வந்து டின்னை வாங்கிப் போனாள்.

தீபாவளி கழிந்து பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

கருமாதி முடிந்ததும் அம்மா மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே அத்த. எனக்கு அவதான வேணும்."

கிளினிக் இருந்த கடைவீட்டில் இன்று கைப்பேசி விற்கிறார்கள். அக்காவின் பலகை வீட்டை இடித்துவிட்டார்கள். அதன் பிறகு காவடியே தொடாத மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அவர் அப்படிச் சொன்னதும், இதை அக்காவிடம் உடனே சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுந்து வாசல்வரை ஓடிவிட்டேன்.