சபை வண்டில் வந்த நேரம்

என்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதுமே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. கறுப்பு என்பார்களோ, எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பார்களோ என்ற பயமெல்லாம் பிறகுதான். முதல் பயம் கக்கூஸ் வாளி.

வன்னியில் ரயில் நிற்கிற எங்கள் சின்ன டவுணில் அப்போது வாளிக் கக்கூஸ்தான். பின் ஒழுங்கைப் பக்கம் ஒரு தகரக் கதவு இருக்கும். காலையில் பட்டின சபையின் மாட்டு வண்டில் வரும். தொழிலாளி அந்தக் கதவைத் திறந்து வாளியை இழுத்து, பீப்பாவில் கொட்டிவிட்டுத் திரும்ப வைப்பார். அவர் தண்ணீர் கேட்டால் சிரட்டையில் வார்த்து மதிலில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்போம்.

அந்தக் கிழமை ஏழு நாளும் வண்டில் வரவில்லை. மாட்டுக்குக் கால் வீங்கிவிட்டதாம். வாளி நிரம்பி, இலையான் மொய்த்து, காற்றுத் திரும்பினால் குசினிவரை மணத்தது.

"எல்லா வீட்டிலையும் இதுதானே, பிள்ளை" என்றார் அப்பா. சைக்கிள் திருத்துகிறவர். எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் பதறுவது.

பொறுக்க முடியாமல், அவர்கள் வருகிற அன்று காலையில் சபைக் கந்தோருக்கு ஓடினேன். வண்டில்களை அனுப்புகிற ஓவசியரின் மேசைக்கு முன்னால் வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது.

"ஏன் தங்கச்சி அழுறீர்? வேற மாடு பிடிச்சாச்சு. இண்டைக்கு வண்டில் வரும்."

வீட்டுக்கு வந்தால், அப்பா பின்வளவில் கிடங்கு வெட்டி எல்லாவற்றையும் தானே தாட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் ஆட்கள் யாரும் அந்த வேலையைத் தொட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆரும் கண்டவையோ அப்பா?" என்றுதான் கேட்டேன்.

"ஒருத்தரும் காணேல்லை. நீ போய் முழுகு."

எல்லாவற்றையும் யோசித்துப் பயப்படுகிற எனக்கு, திரும்பக் கந்தோருக்கு ஓடி, இனி வண்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர மட்டும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றக் காணியில் வயல் செய்கிறவர்கள். தாய் என்னைப் பக்கத்தில் இருத்தி, "பிள்ளைக்கு நெல்லு அவிக்கத் தெரியுமோ?" என்று கேட்டா.

"அவிக்கிறது கிடக்கட்டும். முதல்ல தின்னத் தெரியுமோ எண்டு கேள். ஈர்க்கில் மாதிரி இருக்கிறா" என்று மாமன் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தோம்.

சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். தாய் முதலில் மாமனைப் பார்த்தா, பிறகு என் அம்மாவைப் பார்த்தா. "சரி, தேத்தண்ணியைக் கொண்டாங்கோவன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா தேத்தண்ணித் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாய் கையை நீட்டினா.

பின்னால் தகரக் கதவு படாரென்று அடித்தது.

"ஐயா! வாளி வெறுமையாய்க் கிடக்கு! இதுக்கோ உங்கட மகள் கந்தோரில வந்து அழுதவ?"

ஓர் அறையும் விறாந்தையுமான வீடு. ஒரு சொல் தப்பாமல் கேட்டது. அப்பாவுக்குப் பொய் வராது. தட்டத்தைப் பிடித்தபடியே, "நான் காலமை எடுத்துத் தாட்டுப்போட்டன், தம்பி. நீர் போம்" என்றார்.

"உங்கட கையாலையோ?" நம்பாமல் சிரிப்பது கேட்டது. "அப்ப நாளைக்கு வண்டிலையும் நீங்களே கொண்டு போங்கோ. நான் சைக்கிள் கடையில இருக்கிறன்."

தாய் நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. மாமன் எழும்பிவிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. பிறகு சொல்லி அனுப்புறம்."

சொல்லி அனுப்பவில்லை.

அவர்கள் போனதும் அம்மா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டா. அப்பா ஆறிப்போன தேத்தண்ணியில் ஒரு கிளாசை எடுத்து என்னிடம் நீட்டினார். "குடி பிள்ளை. சீனி போட்டது, வீணாய்ப் போகும்."

நகக்கண் சிவக்கத் தேய்த்த கை. வாங்கத்தான் போனேன். ஆனால் என் கை ஒரு கணம் பிந்திவிட்டது. அப்பா அதைக் கண்டுவிட்டார். கிளாசை மேசையில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றார்.