அலுமாரிக்குள் ஒரு மாப்பிள்ளை

ஜேர்மன் இராணுவம் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது எடுத்த பிரெஞ்சுப் படம் என்று டொக்டர் அங்கிளின் மாதாந்தப் படக்காட்சிக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு வந்ததும், பிணம் விழும் படம் என்றே நினைத்தேன். மனைவியை வெளிறிய சேலையாகப் பார்த்துக் கட்டச் சொன்னேன். ட்ருகனினா என்ற இந்தப் புறநகருக்குக் குடிவந்தபின் அவளுக்கு வந்த ஒரே அழைப்பு அது.

"அங்க ஏதும் பிழை விட்டுப்போடாதேங்கோ. பிறகு கூப்பிட மாட்டினம்," என்று, அங்கிள் வீடு இருக்கும் ரோவில் என்ற ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். படம் முடிந்து கருத்துக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே காரை ஓட்டினேன்.

டொக்டர் அங்கிள் வீட்டு ஹோலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். போர்க்காலப் படம் அல்லவா, எழுந்து நின்று இறந்தவர்களுக்கு அகவணக்கமும் செலுத்தினோம். பிறகு பார்த்தால், ஒருத்தி தாயின் கரைச்சல் தாங்காமல் பொய் மாப்பிள்ளை ஒருவனைப் பிடித்து வருகிறாள். அவ்வளவுதான் கதை. துவக்கும் இல்லை, சிப்பாயும் இல்லை. ஆனால் அகவணக்கம் செலுத்திய சபை எப்படிச் சிரிக்கும்? எல்லோரும் செத்தவீட்டு முகத்தோடு இருந்தார்கள்.

நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் மாப்பிள்ளையை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு, திறப்பைத் தாயின் கோப்பிக் கோப்பைக்குள் போட்டாள். வெடித்துச் சிரித்துவிட்டேன்.

அங்கிள் படத்தை நிறுத்தினார்.

"தம்பி, இதில என்ன சிரிப்பு?"

"மாப்பிள்ளை அலுமாரிக்குள்ள, அங்கிள்... திறப்பு கோப்பிக்குள்ள..."

"அந்த அலுமாரிதான் பறிபோன நாடு. விளங்குதோ?"

"ஓம், அங்கிள்."

"அப்ப கோப்பி?" என்று கேட்டுவிட்டு என் மனைவி தன் வாயைப் பொத்தினாள்.

கோப்பி சர்வதேச சமூகம் என்றார் ஒரு எஞ்சினியர். இல்லை, மக்களின் மௌனம் என்றார் ஒரு கணக்காளர். சீனி போட்டதா போடாததா என்பதுவரை விவாதம் போனது. படம் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

அடுத்த மாதம் அழைப்பு வரவில்லை. மனைவி அந்த வெளிறிய சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஒரு சனிக்கிழமை கதவு மணி அடித்தது. அங்கிளின் மனைவி டொக்டர் அன்ரி, ஒரு கையில் பென்டிரைவ், மறுகையில் சுடச்சுட ரோல்ஸ் பெட்டி.

"பிள்ளை, மிச்சப் படம் கொண்டு வந்தனான். அண்டைக்குக் குசினியில துவாயைக் கடிச்சுக்கொண்டெல்லோ சிரிச்சனான். அந்த மனுசனோட இருந்து ஒரு படம் பாக்கேலுமே?"

இரண்டு பேரும் செற்றியில் கால் நீட்டி இருந்து, கண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் எதற்கும் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன்.