குடைக்குக் கொள்ளு வைத்த காலம்

பொலிகுதிரை பார்க்கிறவனுக்கு எப்போதும் இரண்டு எஜமான். ஒருவர் சம்பளம் கொடுப்பார், மற்றவர் உதை கொடுப்பார், எது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதுதான் நமக்குத் தெரியாது. மாடோ, யானையோ, துரைமாரோ, தன்னைவிடப் பெரிய உருப்படி ஒன்றுக்குத் தீனி வைத்துப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் முழங்காலைத் தடவிக்கொள்வார்கள். அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

மலாக்காவில் புலாவ் செபாங் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். ரப்பர் விலை ஏறி, துரைமார் கையில் காசு புழங்கி, செலவழிக்க வழி தெரியாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து பந்தயக் குதிரை இறக்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் பெரிய துரை அதற்கும் ஒருபடி மேலே போனார். குதிரையை இறக்குவானேன், இங்கேயே பிறக்க வைப்போமே என்று நினைத்தார். சிங்கப்பூரில் ஓடி, காலில் அடிபட்டு, இனி ஓடாது என்று தள்ளிவைத்த ஓர் ஆண் குதிரையை வாங்கினார். அது ஓடாவிட்டால் என்ன, அதன் அப்பனும் பாட்டனும் சீமையில் பெயர் எடுத்தவர்களாம். பெண் குதிரை வைத்திருக்கிறவர்கள் கட்டணம் கட்டிக் கூட்டிவந்து சேர்த்துக்கொண்டு போகலாம் என்று மற்ற துரைமாருக்கும் சீன முதலாளிகளான தவுக்கேமாருக்கும் சொல்லி அனுப்பினார். அந்தக் குதிரைக்கு ஆளாகப் போனவன் நான். போன விதத்தைக் கேளுங்கள்.

குடை வந்திருக்கிறது

கப்பலை விட்டு இறங்கி எனக்குச் சில மாதம்தான் ஆகியிருந்தது. புல் வெட்டுகிற வேலை. மலாயில் 'துவான்' என்றால் துரை, 'அம்பில்' என்றால் எடு, அவ்வளவுதான் தெரியும். ரோட்டோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டேஷனில் குதிரைவண்டி ஓட்டும் பாக் சாலே வண்டியை நிறுத்தினார். ஜாவாப் பக்கம் பாவெயான் தீவுக்காரர், நரைத்த மீசை, பாதித் தமிழும் பாதி மலாயும் கலந்து பேசுவார். துவானுடைய 'குடெ' ரயிலில் வந்துவிட்டது, போய் அம்பில் என்றார். துரை ரயிலில் குடையை மறந்து வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துக் கொடுத்தால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பாவது பார்க்கலாமே. வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஸ்டேஷனில், துவான், குடெ என்றேன். அங்கிருந்தவர்கள் என்னைக் கடைசிப் பெட்டிக்குக் கூட்டிப் போனார்கள். துரைமார் குடைக்குத் தனிப் பெட்டிகூட வைப்பார்கள் என்று அதையும் நம்பினேன். கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து சூடாக மூச்சு வந்தது. செம்பழுப்பு நிறம், என் தலைக்கு மேலே அதன் தலை, நெற்றியில் குடைக் கைப்பிடி மாதிரியே வளைந்த ஒரு வெள்ளைக் கோடு. கூட வந்த ஆள் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு எதிர் ரயிலில் ஏறிவிட்டான். நான் அந்தக் குதிரையை இழுத்து வந்தேன் என்று தோட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பாக் சாலேயின் குட்டைப் பெண் குதிரை முன்னால் போனது, அதன் பின்னால் இது போனது, இதன் பின்னால் நான் போனேன், நடந்தது அவ்வளவுதான்.

பங்களா வாசலில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விசாரித்தபோது குடை விஷயம் வெளியே வந்துவிட்டது. துரைக்கு அதை இங்கிலீஷில் சொன்னார். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, இவனே குதிரையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். பாக் சாலேதான் என் தோளைத் தட்டி விளக்கினார்: "மழைக்கு நீ பிடிக்கிறது பாயோங், தம்பி. இப்ப உன்னைப் பிடிச்சிருக்கு பாரு, இதுதான் குடெ."

லயமும் லாயமும்

குதிரையின் இங்கிலீஷ் பெயர் பித்தளைத் தகட்டில் வெட்டியிருந்தது. கிராணி இரண்டு தடவை வாசித்துக் காட்டினார், ஒருவர் நாக்கிலும் நிற்கவில்லை. தோட்டம் முழுக்க அதற்குக் குடை என்றே பெயர் விழுந்தது. "குடை தண்ணி குடிச்சிருச்சா?", "இன்னிக்குக் குடை யாரைக் கடிச்சுச்சு?" என்று கேட்பார்கள். வெளியூர் ஆட்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

வரிசை வீடுகளில் நாங்கள் இருந்தது லயம், அது இருந்தது லாயம். எழுத்தில் பார்த்தால் நடுவே ஒரு கால்தான் வித்தியாசம். ஆனால் லயத்தில் மண் தரை, லாயத்தில் சிமெண்டுத் தரை. லயத்தில் மழைக்குச் சட்டி வைப்போம். லாயத்துக் கூரையில் ஒரு பொட்டு ஒழுகினால் துரை தச்சனைக் கூப்பிடுவார். பெரிய கங்காணி ஒருநாள் வந்து வேடிக்கை பார்த்தார். இது வண்டி இழுக்குமா என்றார், இல்லை என்றேன். சவாரி ஏற்றுமா என்றார், அதுவும் இல்லை. அப்புறம் என்னதான் செய்யும் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரிந்த நாகரிகமான வார்த்தையில் சொன்னேன். கங்காணிக்குப் பதினோரு பிள்ளைகள். குதிரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட, இந்த வேலைக்கு நம்மளுக்கு மட்டும் ஏன்டா இன்னும் யாரும் பேர் போட்டுச் சம்பளம் தரலை?"

தவுக்கேயின் சந்தேகம்

பெண் குதிரைகள் வர ஆரம்பித்தன. காலை ரயிலில் வரும், வேலை முடிந்ததும் சாயங்கால ரயிலில் திரும்பிப் போய்விடும். தோட்டத்தைச் சுற்றிப் புலி நடமாட்டம் இருந்ததால், விலை உயர்ந்த உருப்படியை ஒரு ராத்திரிகூட இங்கே விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. லயத்துப் பெண்கள் அதைப் பார்த்து, நல்லா இருக்கு இந்தச் சம்பந்தம், பந்தியில்கூட உட்காராமல் ஓடுகிற பெண்வீடு என்று சிரிப்பார்கள்.

மலாக்கா டவுனிலிருந்து ஒரு தவுக்கே தம் குதிரையோடு தாமும் வந்தார். அன்றைக்கு நான் தவிட்டில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, அதன்மேல் ஒரு போத்தல் கறுப்பு பீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். துரை உத்தரவு அது, குதிரைக்குத் தெம்பாம். தவுக்கே வாளியை எட்டிப் பார்த்தார். தம் ஆட்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, எவ்வளவு பீருக்கு எத்தனை முட்டை, வெறும் வயிற்றிலா, சாப்பாட்டுக்குப் பிறகா என்று மெல்லிய குரலில் விசாரித்தார். தவிடு அவசியமா என்றும் கேட்டார். சில மாதம் கழித்து, குதிரை சினை நிற்கவில்லை என்று துரையிடம் சொல்ல வந்தவர் லாயத்துக்கும் வந்தார். அந்த மருந்து எப்படி என்று கேட்டேன். வருத்தமாகத் தலையை ஆட்டினார்: "உன் குதிரைக்கும் வேலை செய்யலை, எனக்கும் வேலை செய்யலை. தூக்கம் மட்டும் நல்லா வருது-லா."

மலடு

தவுக்கே குதிரை மட்டுமல்ல, வந்துபோன ஒன்றுமே சினை நிற்கவில்லை. ஒவ்வொரு துரையாகக் காரில் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசிப் போனார்கள். பெரிய துரை லாயத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். இன்னொரு தடவை பார்ப்பது, அப்போதும் இல்லையென்றால் சுட்டுவிடுவது என்று பங்களாவில் பேச்சு நடப்பதாகச் சமையற்காரர் வந்து சொன்னார். ஓடாத குதிரை, குட்டியும் கொடுக்காத குதிரை, அதற்குத் துரைமார் வழக்கம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ராத்திரி நான் லாயத்திலேயே படுத்துக்கொண்டேன். என் முழங்காலில் உதைத்த குதிரைதான், ஆனாலும் என்னைத் தவிர வேறு யாரை உதைக்கும்?

லயத்தில் அதற்கு மலட்டுக் குதிரை என்று பெயர் மாறிப்போனது. ராக்கம்மா என்று ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிற ஒரு பொம்பளை. கல்யாணமாகி வெகு வருஷம், பிள்ளை இல்லை. அந்த ஒரு சொல்லை மாமியார் வாயில் கேட்டுக் கேட்டுக் காது தடித்துப் போனவள். குதிரை வந்த நாளிலிருந்து வேலை முடிந்து போகும்போது ஒரு பிடி புல்லோ, வெல்லக் கட்டியோ கொடுக்காமல் போகமாட்டாள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டபடி ஒருநாள் குதிரை வாயில் வெல்லத்தை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அந்தப் பேரை ஒரு ஆம்பளைக்கு வச்சுக் கேக்கறதுக்கு நான் கப்பலேறி இம்புட்டுத் தூரம் வர வேண்டியிருந்துச்சு, அண்ணே."

மழைக்கு ஒதுங்கியவர்கள்

துரை சிரம்பானிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குதிரை டாக்டரை வரவழைத்தார். ஸ்டேஷனிலிருந்து அவரைக் கொண்டுவந்தது பாக் சாலேயின் வண்டி. டாக்டர் பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், இன்னும் எதையெதையோ பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை, இன்னும் ஒரு சுற்றுப் பெண் குதிரைகள் வந்து போகட்டும் என்றார். தீனி விவரம் கேட்க என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். அப்போது பிடித்ததையா மழை, வானத்தில் மதகு திறந்த மாதிரி. ரோட்டில் முழங்கால் தண்ணீர். டாக்டர் பங்களாவிலேயே தங்கிவிட்டார். பாக் சாலே தம் குதிரையை அவிழ்த்து, லாயத்தில் பெண் குதிரைகளுக்கென்று விட்டிருந்த அறையில் ஒதுக்கினார்.

மழை விட்டு நான் திரும்பியபோது இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த குறுக்குக் கட்டை கீழே கிடந்தது. குடையும் அந்தக் குட்டைக் குதிரையும் வெளித் திடலில் அடுத்தடுத்து நின்று, வெகுநாள் பழகின புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கட்டை எப்படி விழுந்தது என்று பாக் சாலேயைக் கேட்டேன். வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மழைக்கு ஒதுங்கினாங்க, தம்பி. இங்க ஒரு குடை இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க."

துப்பாக்கி

அடுத்த சுற்றும் வந்தது. பெண் குதிரைகள் காலையில் வந்தன, சாயங்காலம் போயின, ஒன்றும் நிற்கவில்லை. சுட்டுவிடுவதென்று துரை முடிவு செய்துவிட்டார். நியாயமாக நடக்கவேண்டும் என்று அதே டாக்டரை வரச் சொல்லி, ஸ்டேஷனுக்கு என்னை அனுப்பினார். காலையில் கொள்ளை மெத்தென்று வேகவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். ராக்கம்மா வெல்லத்தோடு லாயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை.

ஸ்டேஷனில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது, பாக் சாலேயுடையது. ஒரு வருஷமாக ஆளையே காணோம். கடலோரம் கோலா சுங்கை பாருவில் மகள் வீட்டோடு இருந்து மீன் ஏற்றுகிறார் என்று கேள்வி; அன்றைக்கும் மீன் இறக்கத்தான் வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சாப்பாட்டுக்கடைப் பின்பக்கம் ஏதோ கனைக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரு குதிரைக்குட்டியைக் கட்டிப்போட்டிருந்தார்கள். உடம்பு செம்பழுப்பு, அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள், நெற்றியில் வளைந்த வெள்ளைக் கோடு. பாக் சாலே என் கையைப் பிடித்துக்கொண்டார். துரைக்குத் தெரிந்தால் கட்டணம் கேட்பார், வண்டியையும் குதிரையையும் விற்றாலும் அது தீராது, அதற்குப் பயந்துதான் ஊரைவிட்டே போனேன், சொல்லிவிடாதே என்றார். நான் சொல்லவில்லை. டாக்டர் எதற்கு வருகிறார் என்பதை மட்டும் சொன்னேன்.

ரயில் வந்தது, டாக்டர் இறங்கி வண்டியில் ஏறினார். பாக் சாலே சவுக்கைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். இறங்கிப் போய்க் குட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். தாய் போகிற வழியில் அது தன் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு வந்தது. டாக்டர் வழி நெடுக அதன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பங்களா மேசைமேல் துப்பாக்கி இருந்தது. டாக்டர் இறங்கி ஓட்டமாகப் போய்த் துரையிடம் பேசினார். ரயிலில் வந்த களைப்புத் தீருமுன்பே திருப்பி அனுப்பினால் எந்தக் குதிரைதான் சினை நிற்கும், வந்தவற்றைக் கொஞ்ச நாளாவது தங்க விட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கிராணி என் காதில் ஓதினார். துரை படியிறங்கி வந்தார். குட்டியைச் சுற்றி வந்தார், அதன் நெற்றிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பாக் சாலேயிடம், இது யாருடைய குட்டி என்று மலாயில் கேட்டார். பாக் சாலே தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். 'அனாக்' என்றால் பிள்ளை என்பது அதற்குள் எனக்கும் தெரிந்திருந்ததால், அவர் சொன்னது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது: "அனாக் பாயோங், துவான்."

கட்டணம் கட்டி ரயிலேறி வந்த சீமைக் குதிரைகளுக்கெல்லாம் வாய்க்காத பாக்கியம் மழைக்கு ஒதுங்கிய ஒரு வண்டிக் குதிரைக்கு வாய்க்க, துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கட்டணம் கேட்க மறந்துபோக, மேசைமேல் இருந்த துப்பாக்கி உள்ளே போக, நான் குடைக்கு விஷயத்தைச் சொல்லலாம் என்று லாயத்துக்கு ஓடி அதே முழங்காலில் இன்னொரு உதை வாங்கினேன்.