ரெண்டிலயும் நாலிலயும் அடியுங்கோ, அங்கிள்

சேர்ச்சில ட்ரம்ஸ் அடிக்கிறது ஒரு விசித்திரமான உத்தியோகம்: நல்லா அடிச்சா மகிமை கர்த்தருக்கு, பிழைச்சா பெயர் அடிச்சவனுக்கு. ஐம்பது வயசுக்குப் பிறகு குச்சி தூக்கின சக பாவிகளே, நீங்கள் தனிய இல்லை எண்டு சொல்லத்தான் இதை எழுதிறன்.

கொட்டாஞ்சேனையில எங்கட சபைக்கு ட்ரம்ஸ் அடிச்ச பெடியன் கனடாவுக்குப் போயிட்டான். இனி ஆர் அடிக்கிறது எண்டு பாஸ்டர் கேட்க, என்ட கை தானா எழும்பிட்டுது. பதினைஞ்சு வருஷமா அந்தச் சபையில என்ட பெயர் 'ஷிரோமியின்ட ஹஸ்பன்ட்'. வேற ஒரு பெயர் கிடைக்காதா எண்ட ஆசைதான், வேறென்ன. கீபோட் அடிக்கிற அன்ரனுக்கு இது துண்டாப் பிடிக்கேல்ல. அவரின்ட கீபோட்டில ஒரு பட்டனை அமத்தினா ட்ரம்ஸ் தானா அடிக்கும். கடைசியில பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: சபை ஆண்டுவிழா வரைக்கும் எனக்குத் தவணை, அதுக்குள்ள சரிவரேல்லயெண்டா பட்டன்தான்.

கீழ்வீடு

எங்கட வீடு வெள்ளவத்தையில, மூண்டாம் மாடி ஃப்ளாட். ட்ரம்ஸ் வைக்க இடமில்லாமத் தலையணையில அடிச்சுப் பழகினன். தலையணை சத்தம் போடாது, சரி. தாளத்துக்கு நிலத்தில உதைச்ச காலை மறந்துபோனன். ஒரு ஞாயிறு பின்னேரம் கீழ்வீட்டு முஸ்லிம் அண்ணர், பாரூக் நானா, ஏறி வந்தார். புறக்கோட்டையில புடைவைக் கடை வச்சிருக்கிறவர், கிழமையில அந்த ஒருநாள்தான் மத்தியானத்துக்குப் பிறகு படுக்கிறவர். நான் மன்னிப்புக் கேக்க வாயைத் திறக்க, அவர் கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"தட்டுறதப் பத்தி ஒண்டுமில்ல சேர். நடுவுல நிப்பாட்டாதீங்க. அடுத்தது எப்ப விழுமெண்டு காத்துக்கிட்டு ஈந்தா எப்பிடித் தூங்குற?"

தேத்தண்ணிக் கடைத் தத்துவம்

எனக்குப் பழக்கினது எங்கட சபைச் செரீன், பாங்கில வேலை செய்யிற இருபத்திநாலு வயசுப் பிள்ளை. அவ படிப்பிச்சது ஒரே பாடம். நாலு வரைக்கும் எண்ணினா, எங்கட சனம் கை தட்டுறது ஒண்டிலயும் மூண்டிலயும். கொஸ்பல் பாட்டுக்கு அடி விழ வேண்டியது ரெண்டிலயும் நாலிலயும். கேக்க லேசா இருக்குதெல்லோ? ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ.

ஒருநாள் ப்ராக்டிஸ் முடிஞ்சு தேத்தண்ணிக் கடையில பெரிய வாக்குவாதம். தாளம் கணக்கில இருந்து வருது எண்டார் அன்ரன், அதாலதானாம் மெஷின் பிழைக்கிறதில்லை. செரீன் விடேல்ல. அடிமையாக் கடல் கடந்து கொண்டுபோன கறுப்பினச் சனத்திட்ட இருந்து மேளத்தைப் பறிச்சாங்கள், அதுகள் கையாலயும் காலாலயும் தாளத்தைக் காப்பாத்தி வச்சிருந்துதுகள், கொஸ்பல் அங்கயிருந்து வந்தது, பட்டனில இருந்து இல்லை எண்டு சொன்னா. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அந்த உசாரில நானும் ஒண்டு சொன்னன்: தாளம் இருதயத்தில இருந்து வருது. செரீன் கடிச்ச வடையைக் கீழ வச்சா.

"உங்கட தாளம் இருதயத்தில இருந்துதான் வருதெண்டா, அங்கிள், நாளைக்கே ஒரு டொக்டரிட்ட காட்டுங்கோ."

ரீட்டா அன்ரியின்ட பாவம்

மெதுவான கொஸ்பல் பாட்டுகள் சிலதுக்கு அடி மும்மூண்டா வரும். அங்கதான் கொழும்புக்காரருக்குச் சனி பிடிக்கும். கலியாண வீட்டிலயும் பஸ்ஸிலயும் பைலா எண்டிற ஆட்டப்பாட்டைக் கேட்டு வளந்த கை, மும்மூண்டைக் கண்டவுடன வழுக்கிப் பைலாவில விழுந்திடும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில, எல்லாரும் கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருக்கேக்க, எனக்கு அதுதான் நடந்தது. பின்வரிசையில ரெண்டு பேரின்ட தோள் ஆடினதைக் கண்டுதான் விளங்கிச்சுது. கூட்டம் முடிய முன்வரிசை ரீட்டா அன்ரி நேர என்னட்ட வந்தா.

"தம்பி, இது பாவத்தை அறிக்கையிடுற பாட்டு. நீங்க அடிக்கிற அடிக்குப் பாவம் செய்யவெல்லோ மனம் வருது."

ஆண்டுவிழா

முதல் பாட்டு பட்டனுக்கு, ரெண்டாவது எனக்கு எண்டு பாஸ்டர் பிரிச்சுக் குடுத்திருந்தார். எங்கட சபை எந்தப் பாட்டையும் ஓடி ஓடித்தான் பாடும். மெஷின் அசையேல்ல. சபை ஆமென் சொல்லிக் கதிரையில இருந்த பிறகும் அது தன்ட பாட்டில அடிச்சுக்கொண்டிருக்க, அன்ரன் நிப்பாட்டிற பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு என்ட முறை. முதல் ரெண்டு வரியும் ரெண்டிலயும் நாலிலயும் பிசகாம அடிச்சன். சபை ஒண்டிலயும் மூண்டிலயும் தட்டுது. ரீட்டா அன்ரி என்னையே பாத்துத் தட்டுறா. கை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாஞ்சிட்டுது. சபை ஓட நானும் ஓடினன். செரீன் தலையில கை வச்சா. எல்லாருமாப் பிழைச்சு, எல்லாரும் ஒரே இடத்தில வந்து முடிச்சம். என்ட கதை முடிஞ்சுது எண்டு குச்சியைப் பைக்குள்ள வச்சன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அழுகை வந்திட்டுது. பாஸ்டர் கிட்ட வந்து தோளில கை வச்சார்.

"மெஷின் பிழை விடாதுதான். ஆனா சபை பிழைச்சா கூடச் சேந்து பிழைக்க ஒரு ஆள் வேணும், ட்ரம்ஸ் பிரதர்."

தாளம் எங்கயிருந்து புறப்படுதோ எனக்குத் தெரியாது, ஆனா கொட்டாஞ்சேனையில வந்து இறங்கினா அது ஒண்டிலயும் மூண்டிலயும்தான் நடக்கும்.